பிஸ்மிக்குப் பிறகு

எங்கள் வாப்பா கல்முனையில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். சுபஹுக்கு முன்பே மடுவத்துக்குப் போய்விடுவார். கத்தியைத் தீட்டி வைப்பதிலும், மாட்டின் கண்ணுக்கு அதைக் காட்டாதிருப்பதிலும் அவருக்கிருந்த கண்டிப்பை ஊரில் இன்றும் சிலர் சொல்வார்கள். வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆர் அறுத்த?" லெப்பையின் பெயரைச் சொன்னால் போதும். அதற்குமேல் கேட்க எதுவுமில்லை என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் உம்மாவுக்குச் சலக்கடுப்பு வந்தது. காய்ச்சலும் நடுக்கமும். வழக்கம்போல நான் பாமசிக்குப் போய், மருந்துத் துண்டு இல்லாமலே, முந்திய தடவை கொடுத்த அதே குளிசையை வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. மிச்சக் குளிசைகளை உம்மா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். பத்தாம் நாள் இரவு அவரைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினோம்.

சலத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த துண்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நேரே 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. அந்த மருந்துகளுக்கெல்லாம் கிருமி பணியாது என்று அதற்கு அர்த்தமாம். ஈ.கோலை, அதிலும் ஈ.எஸ்.பி.எல். வகை. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளில் பலவற்றையும் செஃபலோஸ்போரின்களையும் உடைத்துப்போடும் நொதியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் கிருமி. மெரொபெனம் ஊசி ஏற்றினார்கள். உம்மா தேறினார், அல்ஹம்துலில்லாஹ்.

இளம் டொக்டர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். "துண்டில்லாமக் குளிசை வாங்குவீங்களா?" என்பது ஒன்று. தலையைக் குனிந்துகொண்டேன். "வீட்டில கோழி வெட்டுற பலகையிலதான் சலாதும் வெட்டுறயா?" என்பது மற்றது. அது எனக்கு விளங்கவில்லை.

விளங்கிக்கொள்ளத்தான் வாசிக்கத் தொடங்கினேன். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். 1948இல் அமெரிக்காவில் கோழித் தீனியில் ஓரியோமைசின் சேர்ந்தபோது குஞ்சுகள் விரைவாக வளர்வதைக் கண்டார்கள். அன்றிலிருந்து அன்ரிபயோட்டிக் நோய்க்கு மட்டுமல்ல, கொழுப்பதற்கும் என்றாகிவிட்டது. வளர்ச்சிக்காகத் தீனியில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக நிறுத்தியது 2006இல்தான். 2015இல் சீனாவில், கடைசிக் கை மருந்தாகிய கொலிஸ்டினையே வெல்லும் மரபணுவொன்றைப் பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிலும் கண்டார்கள். அது ஒரு கிருமியிலிருந்து மற்றதற்குத் தாவக்கூடியது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது. அதே 2019இல் மருந்துக்குப் பணியாத கிருமிகளால் உலகில் 12.7 இலட்சம் பேர் மரணித்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பலகையின் கதையும் அப்போதுதான் விளங்கிற்று. பிராணியின் குடலில் வாழும் கிருமி, குடல் கிழிந்தால் இறைச்சியில் படுகிறது; அங்கிருந்து கத்திக்கும் குற்றிக்கும் கைக்கும். நன்றாக வெந்த ஆணத்தில் அது செத்துவிடும். வேகாத சலாதில் சாகாது. அறுப்பதற்குச் சில நாட்கள் முன்பே மருந்தை நிறுத்தினால் இறைச்சியில் மருந்தின் எச்சம் குறையும். ஆனால் மருந்துக்குப் பழகிய கிருமி அதனால் போய்விடாது.

என் மச்சான் சம்மாந்துறைப் பக்கம் கோழிக்கூடு போட்டிருக்கிறார். ஒரு நாள் கேட்டேன்: "தண்ணில கலக்குற பவுடர் என்னத்துக்கு மச்சான்?"

"வருத்தம் வராம இரிக்க."

"வருத்தம் வந்தாத்தானே மருந்து?"

"வந்தாப் பொறகு கூடு முழுக்கச் செத்துப் போகும். நட்டத்த நீங்களா தருவீங்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க உம்மாக்குக் குடுத்த குளிச ஆரு எழுதித் தந்த?" என்று கேட்டார்.

என்னிடம் பதிலில்லை. உம்மாவின் உடம்பில் இருந்த கிருமி மச்சானின் கூட்டிலிருந்து வந்ததா, என் கையால் கொடுத்த அரைகுறைக் குளிசையால் வளர்ந்ததா என்று எந்தத் துண்டும் சொல்லாது.

இதை எழுதுவதற்குப் பலகாலம் தயங்கினேன். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. 2020இல் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் உடன்பட்டதையும் மறக்கவில்லை. நமது இறைச்சிக் கடையைப் பற்றி நாமே வாய் திறந்தால், அந்த வார்த்தையைப் பொறுக்கிக்கொள்ளக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிருமிக்கு இனமும் மதமும் தெரியாது. எல்லாருடைய பண்ணையிலும் எல்லாருடைய பாமசியிலும் இருக்கும் குறை இது. மருந்துக்குப் பணியாத கிருமிகளை எதிர்கொள்ள இலங்கை 2017இல் வகுத்த தேசியத் திட்டமே பிராணிகளையும் சேர்த்துத்தான் பேசியது. பயந்து மௌனமாயிருந்தால் முதலில் மையித்தாகப் போவது நம் வீட்டு உம்மாமார்தான்.

ஹலால் என்ற சொல்லோடு தையிப் என்ற சொல்லையும் குர்ஆன் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆகுமானதாக இருந்தால் மட்டும் போதாது, நல்லதாகவும் இருக்க வேண்டும். நாம் முதற்சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

இப்போது எங்கள் குசினியில் இரண்டு பலகைகள். உம்மாவின் தலையணைக்கடியில் குளிசை இல்லை. போன வெள்ளிக்கிழமை கோழிக் கடையில், "ஆர் அறுத்த?" என்று கேட்டுவிட்டு, "மருந்து நிப்பாட்டி எத்தின நாள்?" என்றும் கேட்டேன். பெடியன் விழித்தான். முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார், வாப்பாவை அறிந்தவர்.

"இப்பிடி ஆரும் இதுவரைக்கும் கேக்கல்லியே, தம்பி" என்றார்.

"கேட்டா விசாரிச்சுச் சொல்லுவீங்களா, காக்கா?"

சற்று யோசித்தார். "கேட்டாக்கள் கூடினாச் சொல்லத்தானே வேணும்" என்றார்.