பத்து டாலர் நிலம்

கனடாவின் புல்வெளிப் பிரதேசத்துக்கு 1891 முதல் உக்ரேனியக் குடியானவர்கள் கப்பலேறிச் சென்ற கதையைப் படித்தபோது, நம் தோட்டத்து மக்களின் நினைவுதான் எனக்கு வந்தது.

1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து டாலர் கட்டியவருக்கு அங்கே 160 ஏக்கர் நிலம். மூன்று ஆண்டுகள் குடியிருந்து, உழுது பயிரிட்டால் பட்டா அவர் பெயருக்கு வரும். அந்த நிலத்துக்கு உரியவர்களான பூர்வகுடிகளை ஒப்பந்தம் போட்டு ஒதுக்கிவிட்டுத்தான் அரசு அதைப் பங்கிட்டது என்பதையும் மறக்கலாகாது.

வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? தரையைத் தோண்டி, மேலே புல்மண் கட்டிகளை வேய்ந்து, குழிக்குள்ளேயே கடுங்குளிரைக் கழித்தவர்கள் பலர். கைச்செலவுக்காக ஆண்கள் இருப்புப்பாதை வேலைக்குப் போக, நிலத்தையும் பிள்ளைகளையும் பெண்கள் கவனித்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில், அதே பிரிட்டிஷ் கொடியின் கீழ், நம் முன்னோர் மலாயாக் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். சிந்திய வியர்வை ஒன்றுதான். அங்கே மூன்று ஆண்டில் பட்டா. இங்கே மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியும், தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தவர்கள் எத்தனை பேர்!

உழைப்பின் பலன் யார் பெயரில் எழுதப்படுகிறது என்று கேட்கப் பழக வேண்டும். சிறு வீடானாலும் அது நம் பெயரில் இருக்கட்டும், பெற்றோர்களே!