ஒரு பல் பிசகு

பொள்ளாச்சி, பிப்ரவரி 9

பழைய மாருதி 800 வண்டிக்குப் புதிய டைமிங் பெல்ட் போட்டு இன்று மாலை பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தபோது, பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்ததைக் கண்டு, மாற்றியது நியாயமான செலவே என்று திருப்தியுற்றேன். ஆயினும் வீடு வந்து சேருவதற்குள் வண்டியின் சுபாவம் மாறியிருப்பது தெரிந்துவிட்டது. ஸ்டார்ட்டர் முன்னைவிட அதிக நேரம் சுற்றிய பிறகே என்ஜின் உயிர்பெறுகிறது. ஐடிலிங்கில் ஒரு நடுக்கம் இருக்கிறது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் எழுகிறதே தவிர, இழுவை எழுவதில்லை.

பிப்ரவரி 10

காலையில் மீண்டும் அதே பட்டறை. மெக்கானிக் இளைஞர், நல்ல சுறுசுறுப்புள்ளவர். "டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் வெச்சாப் போதுமுங்க சார்" என்று சொல்லி, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் அந்தக் கருவியின் போல்ட்டைத் தளர்த்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகத் திருப்பினார். நடுக்கம் அடங்கிற்று; சத்தம் இனிமையாயிற்று. ஆனால் அவர் போல்ட்டை இறுக்கியபோது நான் கவனித்த விஷயம் ஒன்றுண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் திரும்புவதற்கென்று விட்டிருக்கும் நீள்துவாரத்தின் ஒரு கோடியிலேயே போல்ட் போய் முட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷங்களாக நடுவில் இருந்து வந்த போல்ட், பெல்ட் மாற்றிய மறுநாளே கடைசிக்குப் போக வேண்டிய அவசியம் என்ன என்ற சந்தேகம் மனத்தை விட்டு அகலவில்லை.

பிப்ரவரி 11, இரவு

புஸ்தகங்களைப் புரட்டினேன். ஜெர்மானியராகிய நிக்கொலாஸ் ஓட்டோ 1876-ல் செய்து காட்டிய நான்கு வீச்சு என்ஜினின் தர்மம் எளிது: உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கும் முடிவதற்குள் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரே சுற்றுச் சுற்றுகிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற பிரமாணத்தை ஒரு கணமும் தவறாமல் காப்பதே டைமிங் பெல்ட்டின் ஏக உத்தியோகம். கிராங்க் சக்கரத்தில் 20 பல், கேம் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிசகிவிடும்.

அம்பாஸடர் போன்ற பழைய வண்டிகளில் இந்தக் காரியத்தை இரும்புச் சங்கிலி செய்து வந்தது. பவேரியாவிலுள்ள டிங்கோல்ஃபிங் நகரத்து கிளாஸ் கம்பெனியார், 1962-ல் தங்கள் 1004 என்ற காரில் பல்லுள்ள ரப்பர் பெல்ட்டைப் பூட்டி, திரளாக உற்பத்தியாகும் கார்களில் அதற்கு முதன்முதலாக இடமளித்தார்கள். சத்தமும் செலவும் குறைந்தன; எண்ணெய்க் குளியல் வேண்டாமற்போயிற்று; அதற்கு விலையாக, குறித்த தூரத்துக்கொரு முறை மாற்றியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தமும், மாற்றுகிறவர் பல் பிசகிவிடக்கூடிய அபாயமும் வந்து சேர்ந்தன.

என் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் கேம் ஷாஃப்ட்டே. ஆகவே கேம் பிந்தினால் வால்வுகளும் பிந்தும், தீப்பொறியும் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறவர் பொறியை மட்டும் உரிய வேளைக்குக் கொண்டுவருகிறார். வால்வுகள் பிந்தியபடியே இருக்கின்றன. பந்தியில் இலை போடுகிறவன் தாமதித்துவிட, பரிமாறுகிறவனை மாத்திரம் விரட்டுவது போன்ற பரிகாரம் இது.

பிப்ரவரி 12

வால்பாறையில் ஒரு சிநேகிதரைப் பார்க்கும் நிமித்தம் புறப்பட்டேன். சமவெளியில் ஆழியாறு வரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 40 கொண்டை ஊசி வளைவுகளுள்ள அந்த மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. முன்பு இரண்டாவது கியரில் சிரமமின்றி ஏறிய வளைவுகளில் முதல் கியருக்கு இறங்க வேண்டியதாயிற்று. வெப்பமானியின் முள் மேல்நோக்கி நகர்ந்தது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஆற விட்டு, அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

காரணம் விளங்கிற்று. உள்வாங்கும் வால்வு பிந்தி மூடினால், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வாசல் திறந்திருக்கிறது. உள்ளே வந்த பெட்ரோல் கலந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகிறது. வேகம் குறைந்திருக்கையில் இந்த நஷ்டம் அதிகம். ஏற்றத்தில் அது அப்பட்டமாகிறது.

பிப்ரவரி 14

வேறொரு பட்டறை, முதியவரான மெக்கானிக். அவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்லை. மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துவாரமாகக் கம்ப்ரெஷன் கேஜை வைத்து அளந்தார். மூன்றும் ஒரே அளவாகக் குறைந்திருந்தன. "ஒரு சிலிண்டர் மட்டும் கொறஞ்சா வால்வு, ரிங்குன்னு தேடலாமுங்க. எல்லாம் சமமாக் கொறஞ்சிருந்தா மொதல்ல டைமிங் மார்க்கைத்தான் பாக்கோணும்" என்றார். பெல்ட்டின் மூடியைத் திறந்து, கிராங்க்கின் குறியை நேராக நிறுத்தியபோது, கேம் சக்கரத்தின் குறி ஒரு பல் பின்தங்கி நின்றது.

அது நேர்ந்த விதத்தையும் சாவதானமாக விளக்கினார். பெல்ட்டை மாட்டும்போது கிராங்க் இழுக்கிற பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ச்சி முழுவதும் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரின் பக்கமே சேர வேண்டும். இழுக்கிற பக்கத்தில் சிறிது தளர்ச்சி தங்கிவிட்டால், குறிகள் கண்ணுக்கு நேராகத் தோன்றும். டென்ஷனரை விட்டவுடன் அது தளர்ச்சியை உறிஞ்சிக் கேமைப் பின்னுக்கு இழுத்துவிடும். சரியாக மாட்டியபின், அவர் கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைக் கொடுத்து, என்ஜின் ஓடும் திசையிலேயே கையால் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றினார். குறிகள் மறுபடியும் நேர்பட்டதைக் கண்ட பிறகுதான் மூடியைப் பூட்டினார். சில என்ஜின்களில் பல் அதிகம் பிசகினால் பிஸ்டன் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். கையால் சுற்றும்போது எங்கேனும் முட்டினால் பலவந்தம் செய்யாமல் நிறுத்திவிட வேண்டும் என்று பக்கத்திலிருந்த பையனையும் எச்சரித்தார். கடைசியாக டைமிங் லைட்டைப் பிடித்துப் பொறியைச் சரிசெய்தபோது, டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட் துவாரத்தின் நடுவிலே வந்து நின்றது.

பிப்ரவரி 16

வால்பாறைக்குப் போய்த் திரும்பினேன். ஏற்றத்தில் பழைய இழுவை இருந்தது; முள் தன் இடத்தை விட்டு அசையவில்லை.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்ட் மாற்றும் நாளில் பட்டறையிலேயே சிறிது காத்திருங்கள். மூடியைப் பூட்டுவதற்கு முன் என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லி, குறிகள் நேர்படுவதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் டிஸ்ட்ரிபியூட்டரை அதன் எல்லை வரை திருப்பினால்தான் வண்டி ஓடும் என்று யாரேனும் சொன்னால், மூடியை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.