நார்மலா சார், பவரா?

நம்ம அரியலூர்ல பங்க்குல வண்டியை நிறுத்தினா "நார்மலா சார், பவரா?"ன்னு கேப்பாங்க. பின்னாடி நாலு பேர் ஹாரன் அடிக்கற அவசரத்துல, "பவரே போடுங்க"ன்னு சொல்றவங்க நிறைய. பேர் அப்படி. ஹெச்பி-யில் 'பவர்', பாரத்தில் 'ஸ்பீட்', இந்தியன் ஆயிலில் 'எக்ஸ்பி95'. கேட்டாலே வண்டி பறக்கும்னு தோணுது இல்ல? :-)

விஷயம் என்னன்னா, ஆக்டேன் எண் என்பது சக்தியின் அளவே கிடையாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் பெட்ரோலையும் காற்றையும் சேர்த்து அழுத்தும். அப்புறம் ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும், அதிலிருந்து தீ பரவும். அந்தத் தீ வந்து சேருவதற்குள் மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொண்டால் இன்ஜின் 'டக டக'ன்னு தட்டும். அதுதான் நாக்கிங். அதை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வதுதான் ஆக்டேன். அழுத்தம் அதிகமுள்ள இன்ஜினுக்கு உயர் ஆக்டேன் வேணும். மத்ததுக்கு அது வெறும் கூடுதல் செலவு. அமெரிக்காவில் ஏஏஏ அமைப்பு 2016-ல் சோதித்துப் பார்த்து, சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த காரில் பிரீமியம் போட்டுப் பயன் இல்லைன்னே சொன்னது.

எங்க மாமா ஒரு 2013 மாடல் பெட்ரோல் கார் வச்சு செந்துறை, ஜெயங்கொண்டம், திருச்சின்னு வாடகைக்கு ஓட்டறார். "மாப்ள, இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறானாம். வண்டி கெட்டுடும்னு பயந்து பிரீமியம் போடறேன்"னார். "மாமா, ஆக்டேன் வேற, எத்தனால் வேற. 95னு போட்டிருந்தா எத்தனால் இல்லைன்னு அர்த்தம் கிடையாது"ன்னேன்.

இன்னொரு வேடிக்கை இருக்கு. எத்தனாலுக்கே ஆக்டேன் சுமார் 108.5, பெட்ரோலுக்கு 84.4 என்று பெட்ரோலிய அமைச்சகம் ஆகஸ்ட் 2025-ல் சொன்னது. 20 சதவீதம் கலந்ததால் சாதாரண பெட்ரோலே 91-லிருந்து 95-க்கு வந்துவிட்டது என்பதும் அவர்கள் சொன்னதுதான். அப்படின்னா 95-க்காகக் கூடக் குடுக்கற காசு எதுக்கு? மிஞ்சுவது இன்ஜினைச் சுத்தமா வைக்கும்னு சொல்ற சேர்மானங்கள் மட்டும்தான்.

எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சக்தி மூன்றில் ஒரு பங்கு கம்மி. அதனால் மாமாவோட மைலேஜ் புகாரில் நியாயம் இருக்கு. மருந்துதான் தப்பு.

கணக்கு போட்டுப் பார்த்தோம். நார்மல் 100 ரூபாய், பிரீமியம் 107 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போற வண்டி 16 போனாத்தான் போட்ட காசு திரும்பும். மாசம் 150 லிட்டர் போடறவருக்கு 1,050 ரூபாய் கூடுதல், வருஷத்துக்கு 12,600. வாடகை வண்டிக்காரருக்கு அது இன்ஷூரன்ஸ் கட்டற காசு!

நம்ம ஊருக்கு வேற செலவு இருக்கு. சிமெண்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் லாரிகள், ரோடு முழுக்க வெள்ளைப் புழுதி. ஏர் ஃபில்டர் அடைச்சா இழுவை போயிடும். புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்கு முன்னாடியே தட்டிப் பாருங்க, அடைச்சிருந்தா மாத்துங்க. வாரம் ஒருமுறை டயர் காத்து பாருங்க. பழைய வண்டின்னா பெட்ரோல் வர்ற ரப்பர் டியூப் வெடிச்சிருக்கான்னு மெக்கானிக்கை பார்க்கச் சொல்லுங்க. எத்தனாலுக்கு பயப்படறவர் செய்யவேண்டியது இதைத்தான்.

அப்ப பிரீமியம் யாருக்கு? வண்டியோட வந்த புத்தகத்தில் 95-க்கு மேல வேணும்னு எழுதியிருந்தா, அல்லது மேடு ஏறும்போது நிஜமாவே தட்டினா. டேங்க் மூடியின் உட்பக்கத்திலும் சில வண்டிகளில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரி சொல்றதைப் போடுங்க. பங்க்கில் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் ரெடி.

மாமா இப்போ நார்மல்தான் போடறார். ஃபில்டர் மாத்தியாச்சு.

டிஸ்கி: லாரி அண்ணன்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. டீசலுக்குப் பார்க்கவேண்டியது ஆக்டேன் இல்லை, சீட்டேன். அது தனிக் கதை.