தங்கச்சியின் கலியாணத்துக்கு முதல் நான் செய்த வேலை

கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல், ஏ.எல் படிக்கிற பெண் பிள்ளைகள் இருக்கிற உம்மாமார் பொறுமையாக வாசிங்க.

தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடிச்ச அன்று சொந்தக்கார மாமி ஒருவர் என் நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, வெயில்ல நிண்டு இப்பிடிக் கறுத்துப் போனா? தங்கச்சிக்குப் பக்கத்துல நிண்டா உம்மா மாதிரித் தெரியப் போறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்ததையும், அன்றிரவே போனில் தேடி ஒரு சின்னப் போத்தலுக்கு ஓடர் போட்டதையும் இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லை.

30 வீத கிளைகோலிக் அமிலம். கிழமைக்கு ஒரு தரம், பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. வகுப்பில் பாசிச்சாயத்தாளைக் காட்டி, செறிந்த அமிலம் ஐதான அமிலம் என்று தொண்டை வறள படிப்பிக்கிறவள் நான். கலாசாலையில் விஞ்ஞானத்தைப் பிரதான பாடமாக எடுத்தவள். அந்த நான் மூன்று நாள் தொடர்ந்து பூசினேன். மூன்றாம் நாள் மகன் அழுதான் என்று போய்வர இருபது நிமிடம் ஆகிவிட்டது. எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. காலையிலிருந்து அஸர் வரை மைதானத்தில். இரண்டு கன்னமும் முதலில் சிவந்து, மறுகா தோல் உரிந்து, ஒரு கிழமைக்குள் கபில நிறத்தில் இரண்டு திட்டு. கலியாண வீட்டுப் படங்களில் நான் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் திரும்பி நிற்பேன், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தோல் டொக்டர் ஏசவில்லை. "டீச்சர், உங்கட தோல் வறண்ட தோல். அதுக்கு இது தேவையே இல்ல" என்றார். பிறகு அவர் சொன்னதையும் நான் தேடி வாசித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம்முடைய மாநிறத் தோலுக்கு ஒரு குணம் இருக்கிறது. எங்கே காயப்பட்டாலும், எரிந்தாலும், பரு வந்தாலும் அந்த இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரந்து கறுத்த அடையாளம் விழும். அது மறைய மாதக் கணக்காகும். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வீடியோவில் பூசிக் காட்டுகிற அளவு அவளுக்குச் சிவந்துவிட்டுப் போய்விடும். நமக்கு அது கறுப்பாகத் தங்கும். அதனால் எது வேகமானது என்று தேடுவதை விட்டுவிட்டு, நம் தோலை எரிக்காதது எது என்று தேட வேண்டும்.

உங்கள் தோல் எப்படி என்று பார்க்கக் காசு தேவையில்லை. பின்னேரம் முகத்தைக் கழுவி ஒன்றும் பூசாமல் ஒரு மணித்தியாலம் இருங்க. நெற்றியும் மூக்கும் மினுங்கினால் எண்ணெய்த் தோல். இறுக்கிப் பிடித்து, சிரித்தால் வலிக்கிற மாதிரி இருந்தால் வறண்ட தோல். நடுவில் மினுங்கிக் கன்னம் இறுகினால் இரண்டும் கலந்தது.

எண்ணெய்த் தோல், பரு, மூக்கில் கறுப்புப் புள்ளி உள்ளவர்களுக்கு சலிசிலிக் அமிலம். இது எண்ணெயில் கரையும், ஆகவே துவாரத்துக்குள் அடைத்திருக்கிற கொழுப்புக்குள்ளேயே இறங்கும். மற்ற அமிலங்கள் நீரில் கரைபவை, பெரும்பாலும் மேலேதான் நிற்கும். 2 வீதத்துக்கு மேல் வீட்டில் வேண்டாம். ஸ்கார்ப் இறுக்குகிற நெற்றி ஓரத்திலும் நாடிக்குக் கீழும் பரு வருகிற பிள்ளைகளுக்கு இது பொருந்தும், ஆனால் உள்ளே போடுகிற தொப்பியைத் தினமும் கழுவாமல் எந்த அமிலம் பூசியும் பயனில்லை. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடாதீங்க. கர்ப்பிணிகள் டொக்டரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

வறண்ட தோலுக்கு லக்டிக் அமிலம், 5 வீதம் போதும். நம் தயிரில் புளிப்பாக இருப்பது இதுதான். மேல் தோலை மெல்லக் கழற்றும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். (தயிரைப் பூசினால் போதாதா என்று உம்மா கேட்டா. தயிரில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியாது, சோற்றோடு சாப்பிடுவோம் என்றேன். தேசிக்காய் பூசுவது இதைவிட மோசம், அந்தச் சாறோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.)

கிளைகோலிக் அமிலத்தின் மூலக்கூறு இந்தக் குடும்பத்திலேயே சின்னது, அதனால்தான் வேகமாக உள்ளே போகிறது. என் கன்னம் சாட்சி. பரு அடையாளம் நிறைய இருக்கிற மாநிறத் தோலுக்கு மண்டலிக் அமிலம் நல்லது. மூலக்கூறு பெரியது, மெதுவாகத்தான் இறங்கும். எது பூசினாலும் சிவக்கிற மென்மையான தோலுக்குக் குளுக்கோனோலக்டோன் என்று எழுதியிருப்பதைத் தேடுங்க. ஏற்கனவே எக்சிமா, புண் இருந்தால் ஒன்றுமே வேண்டாம்.

எதுவானாலும் ஒன்றே ஒன்று, கிழமைக்கு ஒரு தரம், இஷாவுக்குப் பிறகு. முதலில் காதுக்குக் கீழே கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்க. பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம், 30க்குக் குறையாமல். நமக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: லுஹருக்கு வுளூ செய்ததும் காலையில் பூசியது போய்விடும். நான் இப்போது கைப்பையில் வைத்திருந்து தொழுதுவிட்டுத் திரும்பப் பூசுகிறேன். ஸ்டாப் ரூமில் முதலில் சிரித்தார்கள், இப்போது இரண்டு டீச்சர்மார் கடன் கேட்கிறார்கள்.

எழுத வந்த காரணம் வேறு. போன மாதம் ஒரு மாணவி கன்னமெல்லாம் சிவந்து, மெல்லிய நரம்பு தெரிய வந்தாள். பேர் விபரம் இல்லாத சின்ன டப்பா, "வெள்ளையாக்கும் கிரீம்". வாங்கிக் கொடுத்தது உம்மாதான், பொண்ணு பார்க்க வருவார்கள் என்று. இப்படியான டப்பாக்களில் ஸ்டீரொயிட்டும் பாதரசமும் கலப்பதுண்டு. ஸ்டீரொயிட் தோலை மெலிய வைக்கும், பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அந்த உம்மாவிடம் நான் ஏசவில்லை. என் படத்தைக் காட்டினேன். பிறகு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மூன்று பேருமாகக் கிளினிக்குக்குப் போனோம்.

நான் மேலே சொன்ன எந்த அமிலமும் பிறந்த நிறத்தை மாற்றாது. இறந்த தோலைக் கழற்றும், பருவைக் குறைக்கும், அடையாளத்தை மங்க வைக்கும். அவ்வளவுதான்.

என்னுடைய வலது கன்னத்துத் திட்டுப் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் என்ன கிரீம் இருக்கிறது என்று தெரியாதவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்க. மருந்து சொல்ல மாட்டேன், நான் டொக்டர் இல்லை. எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வேன். பின்பக்கத்தில் ஒன்றுமே எழுதவில்லை என்றால், அனுப்பத் தேவையில்லை, டப்பாவோடு டொக்டரிடம் போங்க.