புத்தகத்துல 25, ரோட்டுல 14: கோயில் காடியும் நாங்க கேட்ட கேள்வியும்

ஓம் சரவணபவ.

போன கிருத்திகை பூசை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தப்போ ஒரு ஐயா வந்து கேட்டார். "தம்பி, கோயில் காடி எண்ணெய் மிச்சம் புடிக்குதா? என் மகன் அதே காடிதான் எடுக்கப் போறான். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும்னு சொல்றாங்களே, உண்மையா?"

ஒரு வார்த்தையில பதில் சொல்லியிருக்கலாம். ஆனா இந்த 25-ங்கிற நம்பர் எங்க தொண்டர் குழுவையே ஒரு தடவை ரெண்டாக்கிப் பார்த்திருக்கு. அதனால முழுசா எழுதிடுறோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

தைப்பிங் சுத்து வட்டாரம் எப்படின்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரப்பர் தோட்டம் செம்பனை ஆச்சு. லயத்து வீடுகள் போச்சு. பிள்ளைங்க ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு போயிட்டாங்க. வயசானவங்க மட்டும் தெரோங் பக்கம், பத்து குராவ் பக்கம், செலாமா போற ரோட்டுலன்னு அங்கங்கே இருக்காங்க. அவங்களுக்கு பஸ் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. சஷ்டிக்குக் கோயிலுக்கு வரணும், மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணும், அவ்வளவுதான் அவங்க கேக்குறது.

அதுக்காகத்தான் 2024-ல கோயிலுக்கு ஒரு காடி வாங்கலாம்னு செயலவையில பேசினோம். பழைய வேன் ஒண்ணு எடுக்கலாம்னு சிலர் சொன்னாங்க. பழைய வேன்னா போமென் கடைக்கே பாதிக் காசு போயிடும், சின்ன புது காடியே போதும்னு முடிவாச்சு. பெரோடுவா ஆக்சியா, ஜி ரகம். விலைப்பட்டியல்ல 38,600 வெள்ளி, இன்சுரன்ஸ் தனி. பக்தர்கள் பத்து வெள்ளி, இருபது வெள்ளின்னு கொடுத்தாங்க. தெரோங்குல இருந்து வர்ற ஒரு பாட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த சில்லறையை எண்ணாமலே கொடுத்துச்சு. அந்தச் சில்லறையை நாங்க மறக்கல. பிறகு நடந்ததுக்கும் அதுதான் ஒரு காரணம்.

ஆக்சியா பற்றித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. பெரோடுவா 1993-ல ஆரம்பிச்ச நிறுவனம், ஆலை ரவாங்குல இருக்கு. 1994-ல கஞ்சில் வந்துச்சு. தோட்டத்துல மோட்டார் சைக்கிள்ல போய்க்கிட்டிருந்த பல குடும்பத்துக்கு அதுதான் முதல் காடி. மழை பேஞ்சாலும் பிள்ளைங்க நனையாம பள்ளிக்கூடம் போனது கஞ்சில் வந்த பிறகுதான். அப்புறம் வீவா, 2014-ல ஆக்சியா, 2023 பிப்ரவரியில புது வடிவ ஆக்சியா. 998 சிசி, மூணு சிலிண்டர், 68 குதிரைசக்தி. கியர் சி.வி.டி. எண்ணெய்ச் சிக்கனம்தான் இதோட பேரே.

காடிக்குப் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஓட ஆரம்பிச்சாச்சு. ஓட்டினது பெரும்பாலும் ஒரு தம்பி. கமுண்டிங் தொழிற்பேட்டையில ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு பாட்டிங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான். சம்பளம் கிடையாது. எண்ணெய் போட்ட ரசீதைப் பொருளாளர்கிட்ட கொடுப்பான், காசை வாங்கிக்குவான்.

2025 தொடக்கத்துல ஒரு மாசம், ரசீது எல்லாம் கூட்டினப்போ 164 வெள்ளி வந்துச்சு. அப்போ ரோன் 95 லிட்டருக்கு 2 வெள்ளி 5 காசு. ஆக 80 லிட்டர். மீட்டர் காட்டினது 1,148 கிலோமீட்டர். பொருளாளர் ஐயா விளம்பரத் தாளை எடுத்து வச்சுக் கணக்குப் போட்டார். லிட்டருக்கு 25-னா 46 லிட்டர் போதும், 94 வெள்ளிதான் ஆகணும். மீதி 70 வெள்ளி எங்கே?

அவர் கேட்டதை நாங்க குறை சொல்ல மாட்டோம். கோயில் காசு. ஒரு காசுக்கும் கணக்கு இருக்கணும். ஆனா அவர் வாட்சாப் குழுவுல, முப்பது பேர் பார்க்கிற இடத்துல கேட்டார். நாங்களும் சும்மா இருக்கல. ஒருத்தர் "காடி ராத்திரி எங்க நிக்குது?"ன்னு போட்டார். இன்னொருத்தர் "சொந்த வேலைக்கும் ஓடுதோ"ன்னு போட்டு ஒரு சிரிப்புப் படமும் சேர்த்தார். மத்தவங்க பார்த்துட்டுப் பேசாம இருந்தோம். பேசாம இருந்ததும் கேட்டதுக்குச் சமம்தான்னு இப்போ தெரியுது.

தம்பி பதில் எதுவும் எழுதல. மறுநாள் சாவியைக் கோயில் ஆபீஸ்ல வச்சுட்டுப் போயிட்டான்.

மூணு வாரம் காடி ஷெட்டுல நின்னுச்சு. நாங்க மாத்தி மாத்தி ஓட்டலாம்னு பேசிக்கிட்டோம். வேலை நாள்ல காலை ஏழு மணிக்கு யார் வர்றது? அந்த மூணு வாரத்துல ஒரு பாட்டிக்குக் கண் பரிசோதனை நாள் இருந்துச்சு. யாரும் போகல. பாட்டி வாசல்ல குடையோட உட்கார்ந்து பதினொரு மணி வரைக்கும் காத்திருந்துச்சாம். மறு தேதி ரெண்டு மாசம் தள்ளிக் கிடைச்சுது. பிறகு கோயில்ல பார்த்தப்போ எங்களைத் திட்டவே இல்லை. "அந்தப் பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் எங்கள்ல நாலு பேர் உட்கார்ந்து, சந்தேகத்தை விட்டுட்டு முதல்ல உண்மையை அளந்து பார்ப்போம்னு முடிவு பண்ணினோம். பொருளாளரும் கூட வந்தார்.

அளக்கிறதுக்கு வழி சுலபம். ஒரே ஸ்டேஷன், ஒரே பம்ப். எண்ணெய் நிரப்பும்போது குழாய் 'டக்'னு தானா நிக்குமே, அதோட நிறுத்திடணும், மேல அமுக்கக் கூடாது. மீட்டரை சுழியத்துல வைக்கணும். ஓட்டிட்டு வந்து அதே பம்புல திரும்ப 'டக்' வரைக்கும் ஊத்தணும். ஓடின தூரத்தை ஊத்தின லிட்டரால வகுத்தா அதுதான் கணக்கு. கொஞ்சத் தூரம் ஓட்டி அளந்தா தப்பு வரும், ஏன்னா அரை லிட்டர் முன்னப் பின்ன நிக்கலாம். அதனால பல ஓட்டத்தைச் சேர்த்துக் கூட்டினோம்.

முதல்ல நெடுஞ்சாலை. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு ஒரு வேலையா ரெண்டு பேர் போயிட்டு வந்தோம். 90 வேகம், சுமை இல்லை. 158 கிலோமீட்டர், 7.4 லிட்டர். லிட்டருக்கு 21.4. "பார்த்தீங்களா, ஓடுதே!"ன்னு பொருளாளர் சொன்னார். நாங்களும் தம்பி மேல இருந்த சந்தேகத்தை மறுபடி எடுக்கப் பார்த்தோம், உண்மையைச் சொல்லணும்.

ரெண்டாவது டவுன் ஓட்டம். பாசாவுல பூ, ஆஸ்பத்திரி, ஆவ்லோங், கமுண்டிங், திரும்பக் கோயில். ரெண்டு வாரத்துல 146 கிலோமீட்டர், 10.6 லிட்டர். லிட்டருக்கு 13.8.

மூணாவது வெள்ளிக்கிழமை அன்னதான ஓட்டம். பின்னாடி சோத்துப் பானை, சாம்பார் வாளி, உள்ளே நாலு பேர், செம்பனைக்குள்ள போற குண்டும் குழியுமான ரோடு. மூணு வெள்ளி சேர்த்து 186 கிலோமீட்டர், 15.9 லிட்டர். லிட்டருக்கு 11.7.

பொருளாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். திரும்பக் கூட்டினார். தம்பியோட மாசக் கணக்கு 14.35. நாங்க கையால அளந்த டவுனும் தோட்டமும் அதுக்கும் கீழே. அப்படின்னா அவன் கணக்குல ஒரு காசு தப்பில்லை. எங்களைவிட நல்லாத்தான் ஓட்டியிருக்கான்.

அப்போ 25-ங்கிறது பொய்யா? பொய் இல்லை. அது வேற இடத்துல அளந்த நம்பர். தயாரிப்பாளருங்க சொல்ற கணக்கு பெரும்பாலும் சோதனைக் கூடத்துல, காடியை உருளை மேல நிறுத்தி, இவ்வளவு வினாடிக்கு இந்த வேகம்னு ஒரே மாதிரி ஓட்டி எடுக்கிறது. ஐரோப்பாவுல முன்னாடி இருந்த என்.இ.டி.சி. முறையில மொத்தமே ஏறக்குறைய 20 நிமிஷம், 11 கிலோமீட்டர். ஏசி போட மாட்டாங்க. நிஜ ரோட்டுக்கும் இதுக்கும் தூரம் அதிகம்னு தெரிஞ்சுதான் 2017-லேர்ந்து அங்கே வேற முறைக்கு மாறினாங்க. ஒரு காடியை இன்னொரு காடியோட ஒப்பிட்டுப் பார்க்க அந்த நம்பர் உதவும். ஒரு மனுஷனை நிறுத்தி விசாரிக்க உதவாது.

எங்க ஓட்டத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. இஞ்சின் சூடாகுறதுக்குள்ள இறங்கற இடம் வந்துடும். குளிர்ந்த இஞ்சின் எண்ணெயை அதிகம் குடிக்கும். தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்கே தெரியும், தீபகற்பத்துல அதிகம் மழை பேயிற ஊர்ல ஒண்ணு. பாட்டி இறங்கி வர்ற வரைக்கும் ஏசியோட இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கணும். சின்ன இஞ்சினா இருந்தாலும் சும்மா நின்னா மணிக்கு அரை லிட்டருக்கு மேல போகும். ஒரு டன்னுக்கும் குறைவான காடியில அஞ்சு பேர் ஏறினா முன்னூறு கிலோவுக்கு மேல. அந்தச் சுமையை இழுக்க 68 குதிரையும் மூச்சு வாங்கும்.

நாங்க பண்ணின தப்பும் இருந்துச்சு. போமென் பார்த்தப்போ நாலு டயர்லயும் காத்து குறைவு. யாரும் மாசக்கணக்கா பார்க்கல. பின்பெட்டியில தைப்பூசத்துக்கு வாங்கின ரெண்டு மூட்டை அரிசி, பழைய குத்துவிளக்கு, மடக்கு நாற்காலின்னு ஒரு ஸ்டோர் ரூமே இருந்துச்சு.

அடுத்த நாள் சாயங்காலம் நாங்க நாலு பேரும் தம்பி வீட்டுக்குப் போனோம். அவங்க அம்மா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாங்க. பொருளாளர் ஐயா நோட்டை விரிச்சு வச்சு, "தம்பி, நான்தான் தப்பாக் கணக்குப் போட்டேன். மன்னிச்சுக்கய்யா"ன்னு சொன்னார். அறுபத்தெட்டு வயசு மனுஷர். நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டோம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னான்: "கணக்கு கேட்டது தப்பில்ல ஐயா. கோயில் காசு, கேக்கணும். என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எங்கம்மாவும் அந்தக் குரூப்ல இருக்காங்க."

அந்த வார்த்தைக்கு எங்ககிட்ட பதில் இல்லை.

வெளியே வர்றப்போ அவங்க அம்மா இன்னொண்ணு சொன்னாங்க. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கோயில் வேலையாப் போனப்போ டோல் காசெல்லாம் அவன் சொந்தக் கார்டுல போயிருக்கு. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 70 வெள்ளியைத் தேடின நாங்க, அந்த டோல் காசு எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிக்கவே இல்லை.

அன்னிக்கே வாட்சாப் குழுவுல, அதே முப்பது பேர் பார்க்கிற இடத்துல, மன்னிப்பு எழுதினோம். குழுவுல கேட்டதைக் குழுவுலதான் திருத்தணும். ஒரு வாரம் கழிச்சு தம்பி வந்தான். சாவியை எடுத்துக்கிட்டு முதல்ல போனது அந்தக் கண் பாட்டி வீட்டுக்கு.

டயர்ல காத்து சரி பண்ணி, பின்பெட்டியைக் காலி பண்ணி, காத்திருக்கும்போது இஞ்சினை அணைச்சோம். அடுத்த மாசம் 1,120 கிலோமீட்டருக்கு 72.3 லிட்டர், 148 வெள்ளி. லிட்டருக்கு 15.5. இப்போ காடிக்குள்ள ஒரு நோட்டு இருக்கு. தேதி, மீட்டர், லிட்டர், யார் ஓட்டினது, எதுக்கு, டோல் எவ்வளவு. யார் வேணும்னாலும் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 30-லேர்ந்து மைகாட் காட்டினா 1 வெள்ளி 99 காசுன்னு ஆனப்போ, ஓட்டுறவர் தன் பேர்ல உள்ள மானிய எண்ணெயைத்தான் கோயிலுக்குக் கொடுக்கிறார்ங்கிறதையும் அந்த நோட்டுல எழுதி வச்சோம். அதுவும் ஒரு உபயம்தானே.

இப்போ அந்த ஐயாவுக்குப் பதில். தாராளமா எடுக்கச் சொல்லுங்க. எங்களுக்குத் திருப்தி. இத்தனை பேரை ஏத்தி இறக்கியும் எங்களை நடுரோட்டுல நிறுத்தினதில்லை. தினம் நெடுஞ்சாலையில தனியா வேலைக்குப் போறவர்னா லிட்டருக்கு 20-க்கு மேல எதிர்பார்க்கலாம். டவுனுக்குள்ள குடும்பத்தோடன்னா 14, 15-ன்னு வச்சு மாசச் செலவைப் போடச் சொல்லுங்க. மாசத்துக்கு ஒரு தடவை, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி, கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்குக் காத்து வைக்கச் சொல்லுங்க. கணக்கு எழுதச் சொல்லுங்க.

கணக்கு இடிச்சா முதல்ல ரோட்டைப் பாருங்க, சுமையைப் பாருங்க, டயரைப் பாருங்க. ஆளைப் பார்க்கிறது கடைசியா இருக்கட்டும். அதுவும் தனியாக் கூப்பிட்டு.

வர்ற சஷ்டிக்குக் காடி வேணும்கிறவங்க புதன்கிழமைக்குள்ள கோயில் ஆபீஸ்ல சொல்லிடுங்க. தெரோங் பக்கம் ஒரு இடம் காலியா இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில மட்டும் ஓட்ட ஆள் தேவை. லைசென்ஸ் இருக்கிற பிள்ளைங்க முன்வந்தா நல்லது. தம்பியும் ஒரு நாள் தூங்கட்டும்.

எல்லாம் முருகன் செயல். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.