அழுங்கோடு நடப்பவர்கள்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கொம்புக்காகக் காண்டாமிருகமும் தந்தத்துக்காக யானையும் கொல்லப்படுவதை நாம் அடிக்கடி படிக்கிறோம். அங்கே ஒலிக்கும் வெடியோசையாவது சில வேளைகளில் காவலரின் செவிக்கு எட்டும். ஓசையே இன்றித் திருடுபோகும் விலங்கு ஒன்று உண்டு. அதை எண்ணும்போதுதான் எனக்குக் கவலை மிகுகிறது.

அதன் பெயர் அழுங்கு. என் பாட்டி அப்படித்தான் சொல்வார். எறும்புத்தின்னி என்பாரும் உளர். ஊரைவிட்டு வந்த பின் பிறந்த என் மகளுக்கு அது ‘பாங்கோலின்’. நம் நாட்டிலும் இரண்டு வகை அழுங்குகள் வாழ்கின்றன. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள வகையோ முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, பின்னங்கால்களால் நடக்கும். ஏதோ கவலையில் கைகளைப் பிசைந்தபடி செல்லும் முதியவரைப் போலத் தோன்றும். அதற்குப் பல் இல்லை. நீண்டு ஒட்டும் நாவால் எறும்பையும் கறையானையும் உண்ணும். ஒரு முறைக்கு ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும். அக்குட்டி தாயின் வாலடியில் ஏறிச் செல்லும்.

சிங்கம் வந்தால் அழுங்கு ஓடாது. தலையை வயிற்றுக்குள் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். சிங்கம் உருட்டியும் கடித்தும் பார்த்துவிட்டு, பெரும்பாலும் சலித்துப்போய் விலகிவிடும். மனிதன் வந்தாலும் அது அப்படியே சுருள்கிறது. சிங்கத்தின் பல்லுக்கு இணங்காத அந்தப் பந்தை ஒருவன் குனிந்தெடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். துப்பாக்கியும் வேண்டா. (வயிற்றில் மின்வேலிக் கம்பி பட்டாலும் அது அக்கம்பியைச் சுற்றியே சுருண்டு மடிகிறதாம்!)

இவ்வளவும் அதன் செதில்களுக்காக. உங்கள் விரல் நகத்தைத் தொட்டுப் பாருங்கள். அழுங்கின் செதிலும் அதே பொருளால் ஆனது. அதனை மருந்தென நம்பி வாங்குவோர் சீனாவிலும் வியட்நாமிலும் உள்ளனர், ஆப்பிரிக்காவிலும் உள்ளனர். 2016ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய உலக நாடுகள், எல்லா வகை அழுங்குகளின் பன்னாட்டு வணிகத்தையும் தடை செய்தன. ஆயினும் கடத்தல் நிற்கவில்லை.

தென்னாப்பிரிக்கக் காவல்துறையினர் சில நேரங்களில் வாங்குவோர்போல் நடித்துக் கடத்தல்காரரைப் பிடிக்கின்றனர். நாட்கணக்கில் உணவும் நீரும் இன்றிச் சாக்கில் கிடந்த அழுங்குக்கு ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள வனவிலங்கு மருத்துவமனையில் சிகிச்சை நடைபெறும். ஆனால், இரவில் அதனை அங்கே வைப்பதில்லை. வைக்கும் இடத்தை வெளியே சொல்வதுமில்லை. அந்த அளவுக்குத் திருடர் அச்சம்!

சட்டத்தையும் காவலையும்விட என்னை வியக்கச் செய்வது வேறொன்று. தட்டில் வைத்த உணவை அழுங்கு எளிதில் தொடாது; தானே எறும்பைத் தேடித் தின்னவேண்டும். ஆகவே நாள்தோறும் ஒருவர் அதனைப் புல்வெளிக்கு அழைத்துச் சென்று, மணிக்கணக்கில் அதன் பின்னே நடக்கிறார். ஜிம்பாப்வேயில் மீட்கப்பட்ட அழுங்கு ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு ஒரு துணைவர் உண்டு. கன்றை மேய்ப்பவர் அதனை ஓட்டிச் செல்லலாம். இங்கே வழி காட்டுவது அழுங்குதான்.

குவாசுலு-நட்டால் மாநிலத்தின் பிண்டா காப்பகத்தில் பல்லாண்டுகளாக அழுங்கே இல்லாதிருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் மீட்கப்பட்டவற்றை அங்கே விடுகின்றனர். செதிலில் சிறு அலைபரப்பிக் கருவியைப் பொருத்துகின்றனர். முதலில் அருகிலேயே நடக்கின்றனர். அவ்வப்போது எடை பார்க்கின்றனர். எடை குறையாதிருந்தால் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டுகின்றனர். பின்னர் ஓர் இரவில் அழுங்கு தனியே புதருக்குள் செல்கிறது. உடன் நடந்தவரின் கையில் கருவியின் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது.