வேடிக்கைக்கென்று ஒரு வெளி

பட்டணம் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. காரியமாகப் போகிறவர்கள் ஒரு ரகம். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் மற்றொரு ரகம். நம் பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லாரியில் ஏறிக் கொத்தவால்சாவடிக்குப் போய், சரக்கை விற்று, பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த லாரியில் திரும்பியவர்கள் முதல் ரகத்தார். அவர்களிடம், "பட்டணம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "விலை போகவில்லை" என்பார்கள். இரண்டாவது ரகத்தாரிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டால் இராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்.

நாம் இரண்டாவது ரகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1984-ஆம் வருஷத்தில் நமக்கு ஏழு வயது. தகப்பனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு சென்னையில் இறங்கியபோது நாம் கோட்டையைப் பார்க்கவில்லை; ஹைகோர்ட்டைப் பார்க்கவில்லை. நேரே மூர் மார்க்கெட்டுக்குத்தான் போனோம். சிவந்த செங்கல் கட்டிடம். உள்ளே கிளிக் கூண்டுகள், பழைய புத்தகங்கள், கிராமபோன் தட்டுகள், பொம்மைகள், பேரம் பேசும் கூச்சல். வாங்குகிறவர்களைவிட வெறுமனே சுற்றுகிறவர்களே அதிகம். தகப்பனார் இரண்டு ரூபாய்க்கு ஒரு பழைய அகராதி வாங்கினார். அதன் அட்டை இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறது; உள்ளேயிருந்த பக்கங்கள் சிலவும் இருக்கின்றன.

வெளியே வந்ததும் அவர் கையை வீசிக் காட்டி, "இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பூங்காவடா! நாங்கள் சின்னப் பிள்ளையாக வந்தபோது இங்கேதான் உயிர் காலேஜ்" என்றார். மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ் என்றும், எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர் சூட்டிய சென்னை ஜனங்களின் நகைச்சுவையை எந்தப் புலவராலும் மிஞ்ச முடியாது.

அந்தப் பூங்காவின் கதையைப் பிற்காலத்தில் நாம் தேடிப் படித்தோம். 1859-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவிலியன், நெரிசல் மிகுந்த நகரத்து ஜனங்கள் காற்று வாங்குவதற்கு ஒரு பெரிய தோட்டம் வேண்டும் என்று எண்ணினார். அப்படி உண்டானதுதான் 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற மக்கள் பூங்கா. பரப்பு 116 ஏக்கர். உள்ளே குளங்கள், சுற்றிவர ரஸ்தாக்கள், பாண்டு வாத்தியம் வாசிக்க மேடை. டாக்டர் எட்வர்டு பால்ஃபர் என்பவர் 1855-ல் மியூசியத்தில் தொடங்கியிருந்த மிருகக்காட்சிசாலையும் பிறகு அங்கேயே வந்து சேர்ந்தது. ஆண்டு முடியும் சமயத்தில் அங்கே பெரிய சந்தை கூடும். 1886 டிசம்பர் 31-ஆம் தேதி அந்தச் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டு போனார்கள். அவ்வளவு பெரிய துக்கத்துக்குப் பிறகும் ஜனங்கள் அந்த வெளியைக் கைவிடவில்லை. மறுபடியும் வந்தார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசைக்கு அவ்வளவு உயிர் உண்டு.

தீ செய்ய முடியாததை நல்லெண்ணம் செய்து முடித்தது. கடைக்காரர்களுக்கு ஒழுங்கான இடம் வேண்டும் என்று 1900-ல் மூர் மார்க்கெட் எழுந்தது. நகரசபைக்கு மாளிகை வேண்டும் என்று 1913-ல் ரிப்பன் கட்டிடம் எழுந்தது. விளையாட்டுக்கு அரங்கம் வேண்டும் என்று ஸ்டேடியம் எழுந்தது. மிருகங்களுக்கு இடம் போதவில்லை என்று வண்டலூரில் காடு ஒதுக்கி, 1985-ல் அவற்றைக் குடியேற்றினார்கள். அதே ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று. அந்த இடத்தில் இன்று ரயில்வேக் கட்டிடம் நிற்கிறது. இவற்றில் எதைத் தவறு என்று சொல்வது? நகரசபை வேண்டாமா? ரயில் வேண்டாமா? மிருகங்கள் நெருக்கடியிலேயே கிடக்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. எல்லா நியாயங்களும் சேர்ந்தபோது பூங்கா இல்லை.

சில வருஷங்களுக்கு முன் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உல்லாசப் பிரயாணமாகச் சென்னைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நாலு புறமும் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, பார்க் என்று போட்டிருக்கிறதே! பார்க் எங்கே இருக்கிறது?"

"இருந்தது அம்மா."

"யார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்?"

இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர் நாம். சரித்திரத்தில் எந்த ராஜா எந்த ராஜ்யத்தை எடுத்துக்கொண்டான் என்று வருஷத்துடன் ஒப்பிப்போம். இந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் எடுத்திருந்தால் பெயர் சொல்லலாம். எல்லோருமாகக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் யாரைச் சொல்வது?

சென்னையில் மறைந்துபோன வேடிக்கை வெளிகளில் இன்னொன்று சோழவரம். வடக்கே, செங்குன்றத்துக்கும் அப்பால், இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஆகாய விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை அது. யுத்தம் ஓய்ந்தபின் விமானங்கள் போயின; மோட்டார்கள் வந்தன. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அந்தப் பாதையில் ஆண்டுதோறும் பந்தயங்கள் நடத்தினார்கள். 1986-ல் புதுப்பேட்டையில் மெக்கானிக்காக இருந்த நம் மாமா நம்மை அங்கே அழைத்துச் சென்றார். கட்டாந்தரை, மரநிழல் கிடையாது, தலையில் கைக்குட்டை. காதைப் பிளக்கும் சப்தத்தோடு வண்டி ஒன்று கண்முன் வந்து, வந்தது தெரிவதற்குள் போய்விடும். பிறகு புழுதியும் பெட்ரோல் வாசனையுந்தான். அவ்வளவுக்கும் ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள்.

மாமா பந்தயத்தைப் பார்க்கவில்லை, வண்டிகளைத்தான் பார்த்தார். அயல்நாட்டு மோட்டார்களை இறக்குமதி செய்வது துர்லபமாயிருந்த நாட்கள் அவை. ஆகவே நாம் தெருவில் காணும் அம்பாஸடரையும் பியட்டையுமே அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, கனத்தைக் குறைத்து, எஞ்சினைத் திருத்திப் பந்தயத்துக்குப் பழக்கினார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் போன்றவர்கள் ஓட்டுவதோடு நில்லாமல், பந்தய வண்டிகளைத் தாமே வடிவமைத்தார்கள். "பார்த்தாயா, இதெல்லாம் நம் ஊர்க் கை வேலை!" என்று மாமா சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமை நமக்கு இன்னும் கேட்கிறது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை ஏற்பட்டது. பத்திரமான பாதைதான், வேண்டியதுந்தான். சோழவரத்தின் இரைச்சல் அடங்கிற்று.

இனிக் கிண்டிக்கு வருவோம். குதிரைப் பந்தயத்தைப் பற்றி நம் வீட்டில் வாய்திறந்து பேசுவது வழக்கமில்லை. காரணம், உறவில் பெரியப்பா முறையுள்ள ஒருவர் குதிரைகளின் மேல் பணம் கட்டி இரண்டு ஏக்கர் பலாத்தோப்பைத் தொலைத்திருந்தார். எந்த ஊர்ப் பந்தயம் என்பது இங்கே வேண்டாம். தோப்பு போனபின்னும் அவர் குதிரைகளைத் திட்டியதில்லை. "அது ஓடுகிற அழகைப் பார்க்க வேண்டும்!" என்று மட்டும் சொல்லிப் பெருமூச்சு விடுவார். பெரியம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

கிண்டியில் குதிரைகள் ஓடத் தொடங்கியது 1777-ஆம் ஆண்டில் என்கிறார்கள். 1974-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், வெறும் சூது அன்று என்று தீர்ப்பளித்தது. நம் பெரியப்பா அந்தத் தீர்ப்பைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தால், தம்மிடம் குறைந்தது எது என்று அறிந்து வருந்தியிருப்பார்.

பந்தயத்தின் வழக்கு தீர்ந்தாலும் நிலத்தின் வழக்கு தீரவில்லை. 1945-ல் சர்க்கார் அந்த 160 ஏக்கர் சொச்சத்தை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. விதித்த குத்தகை ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய். கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தோம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை! பாக்கித் தகராறு முற்றி, 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்துச் செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரில் பூங்கா அமைப்பது என்றும், வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தணிக்கக் குளங்கள் வெட்டுவது என்றும் ஏற்பாடாயிற்று. கோர்ட்டில் வாதங்கள் தொடர்ந்தன.

118 ஏக்கர்! அன்று டிரெவிலியன் போட்ட பூங்காவோ 116 ஏக்கர். போன பூங்கா இரண்டு ஏக்கர் வட்டியுடன் திரும்பி வருகிறதா என்று நம் மனம் துள்ளியது. துள்ளிய மனத்தைப் பிடித்து உட்கார வைத்தோம். ஏனென்றால் பூங்கா வருவது பெரிதன்று, நிலைப்பதுதான் பெரிது.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லண்டன் நகரத்தில் வாக்ஸ்ஹால் தோட்டம் என்று பேர்போன கேளிக்கைத் தோட்டம் ஒன்று இருந்தது. தீப அலங்காரம், சங்கீதம், வாண வேடிக்கை எல்லாவற்றுக்கும் உலகத்துக்கே முன்மாதிரி. டிரெவிலியன் சென்னைக்கு வந்த அதே 1859-ல்தான் அதை மூடினார்கள். நிலத்தைக் கூறுபோட்டு வீடுகள் கட்டினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழிந்து, அந்த வீடுகளும் போனபின்னரே, 1970-களில் அந்த இடத்தில் ஒரு பகுதி மறுபடி பூங்காவாயிற்று. இழந்த வெளியை மீட்பதற்கு லண்டனுக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால், நாம் இழக்காமல் இருப்பது மேல் அல்லவா?

"வேடிக்கைக்கு இடமா இல்லை? கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகத் தனியார் கேளிக்கைப் பூங்காக்கள் இருக்கவில்லையா? 1990-களில் தாம்பரத்துப் பக்கம் கிஷ்கிந்தா வரவில்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். வந்தன, குழந்தைகள் சந்தோஷப்பட்டார்கள், நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் நாலு பேர் உள்ள குடும்பம் வாசலில் நின்று டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் வரலாம்" என்று திரும்புவதையும் நாம் பார்த்திருக்கிறோம். டிக்கெட்டு இல்லாமல் நுழைந்து, ஒன்றும் வாங்காமல் சுற்றி, கால் வலித்ததும் புல்லில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சாதத்தைப் பிரிக்கக்கூடிய இடம் வேறு வகை. அங்கே ஏழைக் குழந்தையும் பணக்காரக் குழந்தையும் ஒரே யானையைப் பார்த்து ஒரே மாதிரி வாயைப் பிளக்கும்.

அப்படிப்பட்ட வெளி நம் ஊரில் இன்னும் ஒன்று இருக்கிறது. தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரத்துச் சுவாமிகளெல்லாம் கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார்கள். மணலிலே ஒரே நாளில் ஒரு நகரம் முளைக்கும். ராட்டினம், பலூன், வளையல், கரும்பு, கிழங்கு, தொலைந்துபோன குழந்தைகளின் பெயரைக் கூவும் ஒலிபெருக்கி! மறுநாள் ஒன்றும் இராது. ஆற்று மணலை யாரும் பட்டாப் போட்டுக்கொள்ள முடியாதாகையால், இந்தத் திருவிழாவுக்கு அழிவில்லை என்று நாம் வெகுநாள் எண்ணியிருந்தோம். பட்டாப் போடத்தான் முடியாது. லாரியில் ஏற்ற முடியும் என்பது பிற்பாடு தெரிந்தது. மணல் போய்ப் பள்ளமும் முட்புதருமான இடங்களை விட்டு, ராட்டினக்காரர் இப்போது மேட்டைத் தேடிக் கரைமேல் ஏறிவிட்டார்.

ஆகவே கிண்டியைப் பற்றி நமக்குள்ள கவலை பட்டணத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஊரில் பள்ளிக்கூடத்தையோ ஆஸ்பத்திரியையோ இடிக்க வந்தால் கேட்க நாலு பேர் வருவார்கள். வெறும் வெளிக்குப் பரிந்து பேச வருவோர் இல்லை. 'சும்மாதானே கிடக்கிறது' என்ற ஒரு வார்த்தை போதும். அதைவிடக் கூர்மையான மண்வெட்டி கிடையாது. சும்மா கிடப்பதுதான் அந்த வெளியின் உத்தியோகம் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள், அங்கே ஒரு நாளாவது சும்மா சுற்றி மகிழ்ந்த நாம்தாம்.

அதிகாரிகளுக்கு ஒரு சிறு விண்ணப்பம். கிண்டியில் பூங்கா திறக்கும்போது வாசலில் ஒரு கல் நடுங்கள். யார் திறந்தார், யார் முன்னிலை வகித்தார் என்பதை வழக்கம்போல் வெட்டிக்கொள்ளுங்கள், நமக்கு ஆட்சேபமில்லை. அதற்குக் கீழே, பூங்காவின் பரப்பு இத்தனை ஏக்கர், எல்லை இன்னது என்று ஒரு வரி சேர்த்து வெட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நில அளவை கற்பிக்க நாங்கள் இடம் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆண்டுக்கொரு முறை சங்கிலியும் கையுமாக வந்து அளந்து, கல்லில் உள்ள கணக்கோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் போவோம்.